உயர்வகைச் சுருட்டு

உயர்வகைச் சுருட்டு என்பது முழுப் புகையிலை இலைகளை மட்டும் கொண்டு கையால் சுற்றிச் செய்யப்பட்டு, சாதாரண சுருட்டைவிடப் பல மடங்கு கூடிய விலையில் விற்கப்படும் சுருட்டு வகையாகும். இது பிரீமியம் சுருட்டு என்றும் அழைக்கப்படுகின்றது. கியூபா, டொமினிக்கன் குடியரசு, நிக்கராகுவா, ஹொண்டுராஸ் ஆகிய நாடுகள் இதன் உற்பத்தியில் முதன்மையானவை. இவ்வகைச் சுருட்டு ஒன்றின் விலை சில அமெரிக்க டாலர்களில் தொடங்கிப் பல நூறு டாலர்கள் வரை செல்கின்றது.

இவ்வளவு பெரிய விலை வேறுபாட்டுக்கு ஈடான தர வேறுபாடு உண்டா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் வினாவாகும். இயந்திரத்தால் செய்யப்படும் மலிவான சுருட்டுக்கும் கையால் செய்யப்படும் சுருட்டுக்கும் இடையே மூலப்பொருளிலும் வேலைப்பாட்டிலும் தெளிவான வேறுபாடு உள்ளது. ஆனால் கையால் செய்யப்பட்ட சுருட்டுகளுக்குள்ளேயே விலை ஏறும்போது, அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி அரிதான தன்மை, வணிகப் பெயர், சமூக மதிப்பு ஆகியவற்றிலிருந்தே வருகின்றது. உடல்நலத்தைப் பொறுத்தவரை விலை கூடிய சுருட்டு எவ்விதப் பாதுகாப்பையும் தருவதில்லை.

வரைவிலக்கணம்

உயர்வகைச் சுருட்டு என்பதற்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவான சட்ட வரைவிலக்கணம் கிடையாது. வணிகத்திலும் ஐக்கிய அமெரிக்காவின் ஒழுங்குமுறை ஆவணங்களிலும் பொதுவாகப் பின்வரும் பண்புகள் கருத்தில் கொள்ளப்படுகின்றன.

- மேலிலை துண்டாக்கப்படாத முழுப் புகையிலை இலையாக இருத்தல்
- உள்ளே வைக்கப்படும் இலைகள் சுருட்டின் நீளத்துக்கு ஓடும் நீள இலைகளாக இருத்தல்
- கையால் சுற்றப்பட்டிருத்தல்
- வடிகட்டியோ நெகிழி வாய்முனையோ இல்லாதிருத்தல்
- புகையிலையின் சுவை தவிர வேறு சுவையூட்டிகள் சேர்க்கப்படாதிருத்தல்

விலை இப்பண்புகளில் ஒன்றாக எப்போதும் சேர்க்கப்படுவதில்லை. ஐந்து டாலர் சுருட்டும் ஐந்நூறு டாலர் சுருட்டும் மேற்கூறிய எல்லா நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவு செய்யக்கூடும். விலை பற்றிய விவாதம் எழுவதற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

வரலாறு

1492 ஆம் ஆண்டில் கொலம்பசின் கப்பலில் சென்ற ரொட்ரிகோ டி ஹெரெஸ், லூயிஸ் டி டொர்ரெஸ் ஆகிய இருவரும் கியூபாவில் தைனோ மக்கள் சுருட்டிய இலைகளைப் புகைப்பதைக் கண்டனர். பின்னர் புகையிலை ஸ்பெயினுக்கும் ஐரோப்பாவின் பிற பகுதிகளுக்கும் பரவியது. ஸ்பெயினின் செவில் நகரில் அரசு புகையிலைத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 18 ஆம் நூற்றாண்டில் அதற்கெனக் கட்டப்பட்ட பெரிய கட்டிடம் இன்று செவில் பல்கலைக்கழகத்துக்குப் பயன்படுகின்றது.

1717 ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசு கியூபாவின் புகையிலை வணிகத்தைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. இதனை எதிர்த்துக் கியூபாவின் புகையிலை விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். 1817 ஆம் ஆண்டில் இத்தனியுரிமை நீக்கப்பட்டபின் ஹவானாவில் தனியார் தொழிற்சாலைகள் பெருகின. எச். உப்மன் (1844), பார்த்தகாஸ் (1845), ரோமியோ ஒய் ஜூலியட்டா (1875) முதலிய வணிகப் பெயர்கள் இக்காலத்தில் தோன்றியவை. ஹவானாச் சுருட்டின் பெயர் உயர்ந்ததும் போலிகளும் தோன்றின. இதனால் 1889 ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசும், 1912 ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற கியூபாவின் அரசும் உத்தரவாத முத்திரைகளை நடைமுறைப்படுத்தின.

1865 ஆம் ஆண்டில் ஹவானாத் தொழிற்சாலைகளில் வாசிப்பாளர் முறை தோன்றியது. தொழிலாளர் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மேடையில் அமர்ந்து செய்தித்தாள்களையும் நாவல்களையும் உரக்க வாசிப்பார். அவருக்கான ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து பகிர்ந்து அளித்தனர். 1935 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மொன்டெகிறிஸ்டோ என்னும் வணிகப் பெயர், தொழிலாளர் விரும்பிக் கேட்ட அலெக்சாண்டர் டூமாவின் நாவலிலிருந்து வந்ததாகும்.

1959 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், 1960 செப்டெம்பரில் கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. உரிமையாளர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1962 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா கியூபா மீது வணிகத் தடை விதித்தது. தடை ஆணையில் கையெழுத்திடுவதற்கு முன் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி தமக்கென ஆயிரம் கியூபாச் சுருட்டுகளை வாங்கிவரும்படி பணித்ததாகவும், தாம் 1,200 சுருட்டுகளை வாங்கி அளித்ததாகவும் அவருடைய ஊடகச் செயலாளர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் எழுதியுள்ளார்.

நாடு நீங்கிய உரிமையாளரும் தொழிலாளரும் கியூபாப் புகையிலை விதைகளுடன் டொமினிக்கன் குடியரசு, நிக்கராகுவா, ஹொண்டுராஸ் முதலிய நாடுகளில் தொழிலைத் தொடர்ந்தனர். இதனால் மொன்டெகிறிஸ்டோ, ரோமியோ ஒய் ஜூலியட்டா, பார்த்தகாஸ் போன்ற ஒரே பெயரில் கியூபாவில் ஒரு சுருட்டும், ஐக்கிய அமெரிக்கச் சந்தைக்காக வேறு நாட்டில் இன்னொரு சுருட்டும் செய்யப்படலாயின.

அமைப்பு

உயர்வகைச் சுருட்டு மூன்று பகுதிகளைக் கொண்டது.

- உள்ளிலை: சுருட்டின் உட்பகுதியில் நீளவாக்கில் மடித்து வைக்கப்படும் இலைகள். சுவையின் அடிப்படை இக்கலவையே.
- பிணைப்பிலை: உள்ளிலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உறுதியான இலை.
- மேலிலை: வெளியே தெரியும் மெல்லிய, வழவழப்பான இலை. மூன்றிலும் விலை கூடியது இதுவே.

கியூபா வழக்கில் உள்ளிலைகள் செடியில் அவை வளரும் இடத்தைப் பொறுத்து வகைப்படுத்தப்படுகின்றன. அடிப்பகுதி இலைகள் வொலாடோ எனப்படும். இவை எளிதில் எரியக்கூடியவை. நடுப்பகுதி இலைகள் செக்கோ எனப்படும். இவை நறுமணம் தருவன. மேற்பகுதி இலைகள் லிகேரோ எனப்படும்; கூடிய வெயில் பெறுவதால் இவை தடித்தும் காரம் மிகுந்தும் இருக்கும். உச்சியில் சில செடிகளில் மட்டும் தோன்றும் இரண்டு சிறு இலைகள் மெடியோ தியெம்போ எனப்படுகின்றன.

இயந்திரச் சுருட்டுகளில் பெரும்பாலும் வெட்டிய துண்டு இலைகளே உள்ளே இடப்படுகின்றன. புகையிலைத் தூளைக் கூழாக்கித் தாள் போலச் செய்த செயற்கை இலையும் பிணைப்பிலையாகவோ மேலிலையாகவோ பயன்படுகின்றது. துண்டு இலைகள் விரைவாகவும் கூடிய சூட்டுடனும் எரிகின்றன. நீள இலைகள் மெதுவாக எரிகின்றன. அவற்றின் சாம்பல் உதிராது நீண்டு நிற்கும்.

உற்பத்தி

பயிர்ச்செய்கை

கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்திலுள்ள வுவெல்டா அபாஹோ பகுதி உலகின் சிறந்த சுருட்டுப் புகையிலை விளையும் இடங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. அங்கு சான் லூயிஸ், சான் ஹுவான் ஒய் மார்த்தினெஸ் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த செம்மண் நிலங்கள் புகழ்பெற்றவை. மேலிலைக்கான செடிகள் மெல்லிய துணிப் பந்தலின் கீழ் வளர்க்கப்படுகின்றன. வெயில் தணிவதால் இலை மெலிதாகவும் அகலமாகவும் வளர்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கிலும் இம்முறை கையாளப்படுகின்றது. ஈக்குவடோரில் இயற்கையான மேகமூட்டமே இப்பணியைச் செய்கின்றது. மேலிலையில் துளை, கறை, தடித்த நரம்பு ஆகியவை இருத்தல் ஆகாது. ஆதலால் விளைந்தவற்றில் ஒரு பகுதி மட்டுமே மேலிலையாகத் தேறுகின்றது.

பாடம் செய்தலும் நொதித்தலும்

இலைகள் சில சிலவாகக் கையால் பறிக்கப்பட்டு உலர்கூடங்களில் கோல்களில் தொங்கவிடப்படுகின்றன. சுமார் 50 நாட்களில் பச்சை நிறம் மாறிப் பழுப்பு நிறம் அடைகின்றது. அதன்பின் இலைகள் அடுக்கடுக்காகக் குவிக்கப்பட்டு நொதிக்க விடப்படுகின்றன. குவியலின் உட்புறம் தானே சூடேறுவதால் இடையிடையே பிரித்து மாற்றி அடுக்க வேண்டும். இப்போது அம்மோனியா வெளியேறி இலையின் கடுமை குறைகின்றது. நொதித்தல் குறைவாக இருந்தால் புகை நாவை எரிக்கும். மிகுந்தால் இலை உயிரற்றதாகிவிடும்.

நொதித்த இலைகள் சிப்பங்களாகக் கட்டப்பட்டு முதிர வைக்கப்படுகின்றன. லிகேரோ இலைகள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முதிர வேண்டும் என்பது கியூபா வழக்கமாகும். கோகிபாச் சுருட்டின் செக்கோ, லிகேரோ இலைகள் பீப்பாய்களில் மூன்றாம் முறையும் நொதிக்க வைக்கப்படுகின்றன.

சுற்றுதல்

சுருட்டுச் சுற்றுபவர் பிறைவடிவக் கத்தி, மரப்பலகை, தாவரப் பசை ஆகியவற்றை மட்டும் கொண்டு வேலை செய்கின்றார். உள்ளிலைகளை இறுக்கமாக வைத்தால் புகை வராது. தளர்வாக வைத்தால் சூடேறி எரியும். தேர்ந்த தொழிலாளர் ஒருவர் சுருட்டின் அளவையும் வடிவத்தையும் பொறுத்து நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு சுருட்டுகள் செய்வார். டொமினிக்கன் குடியரசிலும் நிக்கராகுவாவிலும் ஒருவர் உள்ளிலைகளைக் கட்டித் தர, மற்றவர் மேலிலையைச் சுற்றும் இரட்டையர் முறை பரவலாக உள்ளது. இம்முறையில் வேலை கூடிய விரைவுடன் நடைபெறுகின்றது.

விலையின் கூறுகள்

இலையும் உழைப்பும்

மேற்கூறிய வேலைகள் அனைத்தும் செலவு பிடிப்பவை. எனினும் ஒரு சுருட்டுக்கு எனப் பிரித்துப் பார்க்கும்போது அச்செலவுக்கு ஓர் எல்லை உண்டு. எடுத்துக்காட்டாக, ஒருவர் நாளுக்கு நூறு சுருட்டுகள் செய்கின்றார் எனவும், அவருடைய நாட்கூலி 20 டாலர் எனவும் கொண்டால், ஒரு சுருட்டின் சுற்றுகூலி 20 சென்டு மட்டுமே. கூலியை ஐந்து மடங்கு ஆக்கினாலும் அது ஒரு டாலரைத் தாண்டாது. பெரிய சுருட்டு ஒன்றிலும் சுமார் 20 கிராம் வரையான புகையிலையே உள்ளது. ஆதலால் 10 டாலர் சுருட்டுக்கும் 100 டாலர் சுருட்டுக்கும் உள்ள 90 டாலர் இடைவெளியை இலை, கூலி ஆகியவற்றைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது.

காலம்

இலையை ஆண்டுக்கணக்கில் கிடங்கில் வைத்திருப்பது முதலீட்டை முடக்குவதாகும். கிடங்கு, ஈரப்பதப் பராமரிப்பு, புழு பூச்சி இழப்பு ஆகியனவும் இதனுடன் சேரும். நீண்டகாலம் முதிர வைத்த இலையால் செய்த சுருட்டின் விலை ஓரளவு கூடுவதற்கு இது நேர்மையான காரணமாகும்.

வரி

வரி முறைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஐக்கிய இராச்சியத்தில் சுருட்டு மீதான தீர்வை விலையைக் கொண்டன்றி எடையைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2009 ஏப்ரல் முதல் பெரிய சுருட்டுகள் மீதான கூட்டாட்சி வரி விற்பனை விலையில் 52.75 விழுக்காடாகும். ஆனால் ஒரு சுருட்டுக்கு 40.26 சென்டு என்னும் உச்சவரம்பு உண்டு. இதன்படி உற்பத்தியாளர் சுமார் 76 சென்டுக்கு மேல் விற்கும் எல்லாச் சுருட்டுகளுக்கும் ஒரே வரித்தொகையே விழுகின்றது. எனவே இக்கூட்டாட்சி வரி மலிவான சுருட்டின் விலையில் பெரும்பங்கும், விலையுயர்ந்த சுருட்டின் விலையில் மிகச் சிறு பங்கும் வகிக்கின்றது. மாநில வரிகள் இதிலிருந்து வேறானவை.

அரிதான தன்மை

1966 அளவில் கியூபாத் தலைவர் பிடல் காஸ்ட்ரோவுக்காகச் செய்யத் தொடங்கப்பட்ட கோகிபாச் சுருட்டு, முதலில் வெளிநாட்டுத் தலைவர்களுக்கான பரிசாகவே வழங்கப்பட்டது. 1982 ஆம் ஆண்டில்தான் அது சந்தைக்கு வந்தது. கிடைத்தற்கரிய பொருள் என்னும் பெயர் அதன் விலையை உயர்த்தியது. காஸ்ட்ரோ 1985 ஆம் ஆண்டில் புகைத்தலைக் கைவிட்டார். 2006 ஆம் ஆண்டில் கோகிபாவின் 40 ஆம் ஆண்டு நிறைவையொட்டி 4,000 சுருட்டுகள் மட்டும் செய்யப்பட்டு, பெட்டிக்கு 40 வீதம் 100 பெட்டிகளில் விற்கப்பட்டன. மெடியோ தியெம்போ இலை சேர்க்கப்பட்ட பெஹிக்கே வரிசை 2010 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கியூபாச் சுருட்டுகளின் உலக விற்பனையை 1994 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹபானோஸ் நிறுவனம் நடத்துகின்றது. 2022 ஆம் ஆண்டில் கோகிபா, திரினிதாத் ஆகியவற்றின் விலையை உலகெங்கும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு இந்நிறுவனம் உயர்த்தியது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் விலை இரு மடங்குக்கும் மேலாகியது. அவ்வாண்டுக்கு முன்னும் பின்னும் விற்ற சுருட்டு ஒரே சுருட்டேயாகும். சீனாவில் தேவை பெருகியதும், விளைச்சல் குறைந்ததும் இவ்விலையேற்றத்துக்கு இடமளித்தன. 2022 செப்டெம்பரில் இயன் சூறாவளி பினார் டெல் ரியோவில் ஆயிரக்கணக்கான உலர்கூடங்களை அழித்ததால் தட்டுப்பாடு மேலும் கூடியது. ஹபானோஸ் நிறுவனத்தின் விற்பனை வருமானம் 2023 ஆம் ஆண்டில் 721 மில்லியன் டாலராகவும், 2024 ஆம் ஆண்டில் 827 மில்லியன் டாலராகவும் இருந்தது.

சமூக மதிப்பு

பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பிறர் காணும்படி செலவு செய்வதே நோக்கமாக வாங்கப்படும் பொருட்களைப் பற்றி விளக்கினார். இத்தகைய பொருட்களுக்கு விலை உயர்வதே வாங்குவோரை ஈர்க்கின்றது. சுருட்டின் மேல் சுற்றப்பட்டிருக்கும் வண்ணத்தாள் பட்டை இவ்வகையில் முக்கியமானது. சுருட்டை நிறுத்தி வைத்தாலும் எரியவிட்டாலும் அதன் பெயர் பிறர் கண்ணில் படும்.

விலையும் தரமும்

விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவை விளக்கச் சில வரலாற்று நிகழ்வுகள் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றன.

1990களின் சுருட்டு மோகம்

1992 ஆம் ஆண்டில் நியூ யார்க்கில் சிகார் அஃபிசியனாடோ என்னும் இதழ் தொடங்கப்பட்டது. இதனையடுத்து ஐக்கிய அமெரிக்காவில் உயர்வகைச் சுருட்டுக்குப் பெரும் மோகம் எழுந்தது. 1992 இல் ஆண்டுக்குச் சுமார் 10 கோடியாக இருந்த இறக்குமதி 1997 இல் 40 கோடியைத் தாண்டியது. நன்கு முதிர்ந்த இலையை இவ்வளவு விரைவாகப் பெருக்க இயலாது. புதிதாகத் தோன்றிய நிறுவனங்கள் பல, முதிராத இலையையும் பயிற்சி குறைந்த தொழிலாளரையும் கொண்டு சுருட்டுகளைச் செய்து உயர்ந்த விலைக்கு விற்றன. 1998 ஆம் ஆண்டளவில் மோகம் தணிந்தபோது விற்காத சுருட்டுகள் மிக மலிவாகத் தள்ளிவிடப்பட்டன. விலை மட்டும் தரத்துக்குச் சான்றாகாது என்பதற்கு இக்காலம் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

டேவிடாஃப் நிறுவனம் வெளியேறியமை

ஜெனீவா வணிகர் சீனோ டேவிடாஃபின் பெயரில் கியூபாவில் செய்யப்பட்ட சுருட்டுகள் உலகின் மிக விலையுயர்ந்தவற்றுள் அடங்கின. 1989 ஆம் ஆண்டில், தரம் குறைந்தவை எனக் கூறி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கியூபாச் சுருட்டுகள் சுவிட்சர்லாந்தில் எரிக்கப்பட்டன. அதன்பின் நிறுவனம் உற்பத்தியை டொமினிக்கன் குடியரசுக்கு மாற்றிக்கொண்டது. கியூபாவில் செய்யப்பட்ட டேவிடாஃப் சுருட்டுகளின் உற்பத்தி 1990களின் தொடக்கத்தில் நின்றபின், எஞ்சியவற்றின் விலை ஏலங்களில் பன்மடங்கு உயர்ந்தது.

இறுக்கச் சிக்கல்

1990களின் இறுதியில் கியூபா உற்பத்தியை விரைவாகக் கூட்டியபோது, புகை வராத அளவுக்கு இறுகிய சுருட்டுகள் பற்றிய முறைப்பாடுகள் பெருகின. இதனைத் தீர்க்க 2000களின் தொடக்கத்தில் தொழிற்சாலைகளில் இழுவைச் சோதனைக் கருவிகள் புகுத்தப்பட்டன. கைவேலைப் பொருள் என்பதால் ஒரே பெட்டியில் உள்ள இரு சுருட்டுகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. விலை உயர்ந்ததாயினும் இவ்வேறுபாடு நீங்குவதில்லை.

பெயர் மறைத்த சோதனை

சுருட்டு இதழ்கள் வண்ணப்பட்டையை நீக்கிவிட்டுச் சோதித்து 100 புள்ளி அளவில் மதிப்பிடுகின்றன. இவ்வகை மதிப்பீடுகளில் நடுத்தர விலைச் சுருட்டுகளும் உயர்ந்த புள்ளிகளைப் பெறுவதுண்டு. மதிப்பிடும் இதழ்களே சுருட்டு நிறுவனங்களின் விளம்பரங்களைப் பெறுவதால் இப்புள்ளிகளை முற்றும் சார்பற்றவையாகக் கொள்ள முடியாது என்னும் திறனாய்வும் உண்டு.

சுவை பற்றிய தீர்ப்பை விலை எவ்வாறு மாற்றுகின்றது என்பது வைன் மதுவில் ஆராயப்பட்டுள்ளது. 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே வைனுக்கு வெவ்வேறு விலைகள் கூறப்பட்டபோது, கூடிய விலை கூறப்பட்டதையே பங்கேற்றோர் சுவையானதாகக் கூறினர். இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயற்பாடும் அப்போது கூடியது. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 6,000க்கு மேற்பட்ட பெயர் மறைத்த சுவைத்தல்களை ஆராய்ந்து, பயிற்சியற்றோர் விலை கூடிய வைனைச் சற்றுக் குறைவாகவே விரும்புகின்றனர் எனக் கண்டது. இவை சுருட்டைப் பற்றிய ஆய்வுகள் அல்ல. எனினும் மணத்தையும் சுவையையும் சார்ந்த, பெயரும் விலையும் முன்கூட்டியே தெரிந்த எந்தப் பொருளுக்கும் இவ்விளைவு பொருந்தக்கூடும்.

இருதரப்பு வாதங்கள்

விலை தகும் என்போர், நீண்ட முதிர்வு, தேர்ந்த மேலிலை, நுட்பமான கைவேலை ஆகியவற்றைச் சுட்டுகின்றனர். நல்ல மேலிலை விளையும் நிலம் சிறிது என்பதும், 1979-80 காலத்தில் நீலப் பூஞ்சை நோய் கியூபாவின் விளைச்சலைப் பெருமளவு அழித்தது போல ஒரு நோயோ புயலோ ஓராண்டு உழைப்பை அழித்துவிடக்கூடும் என்பதும் அவர்களின் வாதமாகும்.

தகாது என்போர், இச்செலவுகள் ஓர் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன என்கின்றனர். அவர்களின் கருத்தில், மலிவான இயந்திரச் சுருட்டிலிருந்து நல்ல கைச்சுருட்டுக்குச் செல்லும் முதற் படியிலேயே பெரும்பாலான தர வேறுபாடு கிடைத்துவிடுகின்றது. அதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் விலை பெருமளவு ஏற, தரம் சிறிதளவே ஏறுகின்றது. பொருளியலில் இது குறைந்து செல் விளைவு எனப்படுகின்றது. மேலும் உயர்ந்த விலையின் பயன் இலை பறிப்பவருக்கோ சுற்றுபவருக்கோ அதே விகிதத்தில் சென்று சேர்வதில்லை.

போலிகள்

விலை உயர்வு போலிகளுக்கும் வழிவகுக்கின்றது. கோகிபா மிகுதியாகப் போலி செய்யப்படும் பெயர்களுள் ஒன்றாகும். தெருவிலும் கடற்கரைகளிலும் மலிவாக விற்கப்படும் கியூபாச் சுருட்டுகள் பெரும்பாலும் போலியானவை. கண்ணாடி மூடியிட்ட கோகிபாப் பெட்டி போலியின் அடையாளமாகக் கருதப்படுகின்றது. 2010 ஆம் ஆண்டு முதல் கியூபாவின் உத்தரவாத முத்திரையில் பட்டைக்குறியும் முப்பரிமாணப் படமும் இடம்பெறுகின்றன. போலியைப் புகைத்தவர் பலர் அதனை அறியாமலே மகிழ்ந்திருப்பது விலை பற்றிய வாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது.

பாதுகாப்பு

சுருட்டுகள் சுமார் 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கப்பட வேண்டும். இதற்கு ஹியூமிடோர் எனப்படும் பெட்டி பயன்படுகின்றது. இதன் உட்புறம் வழக்கமாக ஸ்பானிய தேவதாரு எனப்படும் மரத்தால் ஆனது. ஈரம் குறைந்தால் இலை வெடிக்கும். கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். வெப்பம் மிகுந்தால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்துச் சுருட்டைத் துளைத்துவிடும். விலையுயர்ந்த சுருட்டு தவறாகப் பேணப்பட்டால் மலிவான சுருட்டைவிடத் தாழ்ந்துவிடும். வெப்பமண்டல நாடுகளில் இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது.

உடல்நலம்

விலை கூடிய சுருட்டு தூய்மையானது, ஆகவே தீங்கு குறைந்தது என்னும் கருத்துத் தவறானது. புற்றுநோயை உண்டாக்கும் பொருட்கள் புகையிலையிலும் அது எரிவதிலும் இருந்தே வருகின்றன. புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்கள் பாடம் செய்யும்போதும் நொதிக்கும்போதும் உருவாகின்றன. தரத்தின் அடையாளமாகக் கூறப்படும் நீண்ட நொதித்தல் இவற்றை நீக்குவதில்லை.

ஐக்கிய அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவான அறிக்கை, சுருட்டுப் புகைத்தல் வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்குவதாக உறுதி செய்தது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கக்கூடும். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டதால், புகையை உள்ளிழுக்காவிட்டாலும் நிக்கொட்டின் வாயின் உட்தோல் வழியே உடலில் சேர்கின்றது. அருகில் இருப்போரும் புகையால் பாதிக்கப்படுகின்றனர்.

2022 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் உயர்வகைச் சுருட்டு பற்றித் தனி அறிக்கை வெளியிட்டன. இச்சுருட்டுகளின் புகையிலும் பிற சுருட்டுகளில் உள்ள நச்சுப் பொருட்களே உள்ளன என அது கூறியது. எப்போதாவது புகைப்போருக்கு இடர் குறைவாக இருப்பது புகைக்கும் அளவால் ஆனதேயன்றிச் சுருட்டின் உயர்வால் ஆனதன்று. அந்நாட்டின் உணவு மருந்து நிருவாகம் 2016 ஆம் ஆண்டில் சுருட்டுகளையும் தன் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. 2023 ஆம் ஆண்டில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று உயர்வகைச் சுருட்டைப் பொறுத்தவரை அவ்விதியை நீக்கியது.

2023 ஆம் ஆண்டு ஹவானாச் சுருட்டுத் திருவிழாவில் சுருட்டுப் பெட்டிகளின் ஏலம் ஒரு கோடி யூரோவைத் தாண்டியது. இந்த ஏலத் தொகை கியூபாவின் பொது மருத்துவ சேவைக்கு அளிக்கப்படுவது வழக்கமாகும்.

தமிழர் தொடர்பு

ஆங்கிலத்தில் இருமுனையும் திறந்த சுருட்டைக் குறிக்கும் செரூட் என்னும் சொல், சுருட்டு என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். 19 ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு பிரித்தானியப் பேரரசெங்கும் அறியப்பட்டிருந்தது. ஆர்தர் கோனன் டொயில் 1887 ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பதை ஹோம்ஸ் சாம்பலைக் கொண்டே கண்டறிகின்றார். திண்டுக்கல் வட்டாரமும் புகையிலைக்குப் பெயர் பெற்றது. ஸ்பென்சர் நிறுவனம் அங்கு சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. இலங்கையில் யாழ்ப்பாணத்துச் சுருட்டு பல கிராமங்களின் வாழ்வாதாரமாக விளங்கியது; யாழ்ப்பாண வணிகர் தென்னிலங்கை ஊர்களில் சுருட்டுக் கடைகளை நடத்தினர்.

இச்சுருட்டுகளும் கையால் சுற்றப்பட்டவையே. எனினும் இவை எளிய மக்களின் அன்றாடப் பொருளாகவே விற்கப்பட்டன. கைவேலை மட்டுமே ஒரு சுருட்டை விலையுயர்ந்ததாக ஆக்குவதில்லை என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகின்றது.

இவற்றையும் பார்க்க

- புகையிலை
- கியூபா
- புகைத்தல்
- நிக்கொட்டின்
- வாய்ப் புற்றுநோய்
- தோர்ஸ்டீன் வெப்லன்